ஒரு காய்ச்சலுக்குள் இன்னொரு காய்ச்சல்: கூட்டுத்தொற்றைக் கண்டுபிடிப்பது எப்படி?

ரத்தப் பரிசோதனைச் சீட்டில் ஏதாவது ஒரு நோய்க்கு நேராக 'பாசிட்டிவ்' என்று இருந்தால் வீட்டில் பாதிக் கவலை தீர்ந்துவிடும். நோயின் பெயர் தெரிந்துவிட்டது, மாத்திரையும் கொடுத்தாயிற்று, இனி தேறிவிடும் என்ற தெம்பு வரும். பெரும்பாலும் அப்படியே தேறியும் விடுகிறது. ஆனால் மருந்து தொடங்கி மூன்றாம் நாளும் உடம்பு அனலாய்க் கொதித்தால், மருந்தைக் குறை சொல்வதற்கும் மருத்துவரை மாற்றுவதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. உள்ளே இருப்பது ஒரே கிருமிதானா?

ஒரே சமயத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கிருமிகள் ஒருவருக்கு நோய் உண்டாக்குவதைக் கூட்டுத்தொற்று என்கிறோம். இதைப் புரிந்துகொள்ள லைம் நோயை விடத் தெளிவான பாடம் கிடைப்பது அரிது. அந்த நோய் ராமநாதபுரம் கரையோரத்து நோய் அல்ல. ஆனாலும் அதில் கற்ற முறை மண்டபத்திலும் தொண்டியிலும் வரும் காய்ச்சலுக்கு அப்படியே பயன்படும். வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் கீழக்கரை, ராமேஸ்வரம் குடும்பங்களுக்கு லைம் பற்றியே நேரடியாகவும் தெரிந்திருக்க வேண்டும்.

லைம் நோயும் அதோடு சேர்ந்து வருபவையும்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்பது ஓர் ஊர். 1975-ல் அங்கே பிள்ளைகள் பலருக்கு மூட்டு வீங்குவதை ஆராயப் போனதில் இந்த நோய் வெளிச்சத்துக்கு வந்தது. நோய்க்குக் காரணமான சுருள் வடிவக் கிருமியை 1981-ல் வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் கண்டார். அவர் பெயராலேயே அது பொரேலியா பர்க்டார்ஃபெரி எனப்படுகிறது. வடகிழக்கு அமெரிக்காவில் இதைப் பரப்புவது மான் உண்ணி. ஐரோப்பாவில் அதன் நெருங்கிய உறவுள்ள வேறோர் உண்ணி.

மான் உண்ணி குஞ்சாக இருக்கும்போது பெரும்பாலும் காட்டு எலியின் ரத்தத்தைக் குடிக்கிறது. அந்த எலியிடம் பொரேலியா மட்டும் இருப்பதில்லை, பபேசியா, அனாபிளாஸ்மா என்ற வேறு இரண்டு கிருமிகளும்கூட இருக்கலாம். எலியிடம் குடித்த உண்ணி, கசகசா அளவுள்ள அடுத்த பருவத்துக்கு வளர்ந்ததும் மனிதரைக் கடிக்கிறது. எலியிடமிருந்து ஏறியவற்றில் எத்தனை உண்ணிக்குள் தங்கினவோ, அத்தனையும் ஒரே கடியில் மனித உடம்புக்கு வரக்கூடும். லைம் நோயாளியிடம் கூட்டுத்தொற்றைத் தேடச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

லைம் மட்டும் வந்தால் எப்படி இருக்கும் என்பதை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடித்து 3 முதல் 30 நாட்களுக்குள், பத்தில் ஏழெட்டுப் பேருக்கு, கடித்த இடத்தில் சிவந்த தடிப்பு தோன்றி நாளுக்கு நாள் அகலும். லேசான காய்ச்சல், அசதி, உடம்புவலி இருக்கும். முழு ரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்களும் தட்டணுக்களும் (பிளேட்லெட்) பெரும்பாலும் சரியான அளவில் இருக்கும். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 100 மி.கி. காலையும் இரவும் கொடுத்தால் காய்ச்சல் ஓரிரு நாளில் தணியும். இந்த வழக்கத்திலிருந்து எது விலகுகிறதோ அதுவே அடுத்த கிருமிக்கான தடயம். தடிப்பு இருக்கிறது, ஆனால் காய்ச்சல் 103 டிகிரி. அல்லது மருந்து தொடங்கி 48 மணி நேரம் கடந்தும் காய்ச்சல் விடவில்லை. அல்லது ஹீமோகுளோபினோ வெள்ளணுவோ தட்டணுவோ காரணமில்லாமல் சரிந்திருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் கூட்டுத்தொற்றைத் தேடியே ஆக வேண்டும்.

பபேசியாதான் இவற்றில் அதிகம் கவனிக்க வேண்டியது. அது பாக்டீரியா இல்லை. மலேரியாக் கிருமியைப் போல ரத்தச் சிவப்பணுவுக்குள் புகுந்து பெருகி அதை உடைக்கும் ஒட்டுண்ணி. கடித்து ஒன்று முதல் நான்கு வாரத்தில் குளிர்நடுக்கம், துணி நனையும் வியர்வை, அடர்ந்த நிறச் சிறுநீர், லேசான மஞ்சள் எல்லாம் வரலாம். பரிசோதனையில் ஹீமோகுளோபின் இறங்கும், சிவப்பணு உடையும்போது வெளியாகும் எல்.டி.ஹெச். என்ற நொதி ஏறும், தட்டணுவும் குறையும். லைமுக்குக் கொடுக்கும் டாக்சிசைக்ளின் இதை ஒன்றும் செய்யாது. அடோவாகுவோனும் அசித்ரோமைசினும் சேர்த்து 7 முதல் 10 நாள் கொடுக்க வேண்டும். மண்ணீரல் எடுத்தவர்கள், 50 வயதைத் தாண்டியவர்கள், எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் ஆகியோருக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். நம் மாடுகளுக்கு உண்ணியால் வந்து சிறுநீரைச் சிவக்க வைக்கும் பபேசியா வேறு இனம். மாட்டைப் பராமரிக்கிறவர் அதைக் கண்டு தனக்கும் வருமோ என்று அஞ்ச வேண்டியதில்லை.

அனாபிளாஸ்மா வெள்ளணுக்களுக்குள் வாழும் பாக்டீரியா. கடித்து 5 முதல் 14 நாளில் கடும் தலைவலி, குளிர், உடம்புவலியோடு வரும். வெள்ளணு, தட்டணு இரண்டும் குறைந்து கல்லீரல் நொதிகள் உயர்ந்திருக்கும். நல்ல வேளையாக டாக்சிசைக்ளினுக்கே கட்டுப்படும். ஆனால் லைமுக்கு அமாக்சிசிலின் கொடுத்திருந்தால் அனாபிளாஸ்மா அப்படியே நிற்கும். அதனால் எந்த மருந்து கொடுக்கப்பட்டது என்று பார்த்தாலே எந்தக் கிருமி மிஞ்சியிருக்கும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். டாக்சிசைக்ளின் சாப்பிட்டும் விடாத காய்ச்சல் என்றால் பபேசியா, அல்லது ஏதேனும் வைரஸ். அமாக்சிசிலின் சாப்பிட்டும் விடாத காய்ச்சல் என்றால் அனாபிளாஸ்மாவும் பட்டியலில் சேரும்.

பொரேலியா மியாமோட்டோய் என்பது லைம் கிருமியின் பங்காளி. தடிப்பு இல்லாமல் விட்டுவிட்டு வரும் காய்ச்சலைத் தரும், டாக்சிசைக்ளினுக்கு அடங்கும். போவாசான் வைரஸ் அரிது, ஆனால் மூளையைத் தாக்கும். அதற்கென்று மருந்து கிடையாது. லைம் கிருமி உடம்புக்குள் வர உண்ணி பொதுவாக ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருக்க வேண்டும், போவாசானுக்குச் சில நிமிடங்களே போதுமாக இருக்கலாம். பார்டோனெல்லா பற்றி இணையத்தில் நிறையப் படிப்பீர்கள். பூனைக் கீறலாலும் தெள்ளுப்பூச்சியாலும் பரவும் அந்தக் கிருமி, உண்ணிக் கடியால் மனிதருக்கு வருகிறது என்பதற்கான சான்று பலவீனமானது. பல மாத அசதிக்கு இதைக் காரணம் காட்டி நீண்டகால ஆன்டிபயாட்டிக் விற்கிறவர்களிடமிருந்து விலகியிருங்கள். சிறுநீரை வைத்து லைம் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் பரிசோதனைகளும் நம்பத்தக்கவை அல்ல.

ராமநாதபுரத்தில் எதைத் தேட வேண்டும்

மான் உண்ணி நம் கரையோரத்தில் இல்லை. இந்தியாவில் லைம் என்று பதிவானவை மிகச் சிலவே, அவையும் பெரும்பாலும் மலை, காட்டுப் பகுதிகளிலிருந்து வந்தவை. எனவே வெளியூர்ப் பயணம் எதுவும் இல்லாத ஒருவர் உச்சிப்புளியிலோ தேவிபட்டினத்திலோ இருந்துகொண்டு லைம் பரிசோதனைக்குப் பணம் கட்டுவது வீண். நோய் இல்லாத இடத்தில் செய்யும் ஆன்டிபாடி (கிருமியை எதிர்க்க உடம்பு உருவாக்கும் புரதம்) பரிசோதனையில் வரும் 'பாசிட்டிவ்' பெரும்பாலும் பொய்யாகவே இருக்கும்.

நம்மிடம் ஒரே பூச்சி இரண்டு கிருமியைத் தருவது பெரும்பாலும் காரணமல்ல. வடகிழக்குப் பருவமழையும் அதற்குப் பின்வரும் பனிக்காலமும் பல நோய்களை ஒரே மாதங்களில் கொண்டுவந்து சேர்க்கின்றன. மழைநீர் தேங்கும் குடமும் டயரும் டெங்குக் கொசுவுக்கு இடம். கிணறும், மூடாத சிமென்ட் தொட்டியும், மாடித் தொட்டியும் மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் ஸ்டீஃபன்சி கொசுவுக்கு இடம். ராமேஸ்வரம் தீவில் மலேரியா நெடுங்காலமாக நிலைத்திருந்த நோய். சவுக்குத் தோப்பில் கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற வெட்டிய குழிகளில்கூட அங்கே மலேரியாக் கொசு வளர்ந்திருக்கிறது. எலிச் சிறுநீர் கலந்த வயல் சேற்றிலும் தேங்கிய நீரிலும் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரலாம்.

அடுத்தது ஸ்க்ரப் டைபஸ். நாளிதழ்கள் இதை உண்ணிக்காய்ச்சல் என்று எழுதினாலும், மாட்டிலும் நாயிலும் ஒட்டியிருக்கும் உண்ணி இதைப் பரப்புவதில்லை. புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குத் தெரியாத அளவுள்ள ஒரு சிலந்திப்பேனின் இளம்புழுதான் பரப்புகிறது. அதனால் "உண்ணி கடித்ததா?" என்று கேட்டால் நோயாளி இல்லை என்றே சொல்வார். சீமைக்கருவேலங்காட்டில் விறகு வெட்டினீர்களா, கரிமூட்ட வேலைக்குப் போனீர்களா, ஆடு மேய்த்தீர்களா, கண்மாய்க் கரையில் புல்லறுத்தீர்களா, புதர் மேல் துணி காயப்போட்டீர்களா என்று கேட்டால்தான் பதில் கிடைக்கும். கடித்து 6 முதல் 21 நாளில் காய்ச்சல் தொடங்குவதால், மூன்று வாரத்துக்கு முந்தைய வேலையைக்கூட நினைவுபடுத்திப் பார்க்க வேண்டும்.

டெங்குவும் ஸ்க்ரப் டைபஸும் சேர்ந்து வரும்போதுதான் இங்கே பெரிய தவறு நடக்கிறது. இரண்டிலும் காய்ச்சல், தலைவலி, தட்டணுக் குறைவு உண்டு. டெங்கு 'பாசிட்டிவ்' என்றதும் ஓய்வு, நீராகாரம், தட்டணு எண்ணிக்கை என்று கவனம் முழுக்க அந்தப் பக்கம் போய்விடும். டெங்குவுக்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை என்பது சரிதான். ஆனால் உள்ளே ஸ்க்ரப் டைபஸ் இருந்தால், சில ரூபாய் டாக்சிசைக்ளின் மாத்திரையில் அடங்கியிருக்க வேண்டிய நோய் நுரையீரல், சிறுநீரகம், மூளை என்று இறங்கிவிடும். தனி மருந்து இல்லாத ஒரு நோயின் பெயர் கிடைத்ததால், மருந்துள்ள இன்னொரு நோயைக் கோட்டைவிடக் கூடாது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

திரவம் ஏற்றுவதிலும் இதே சிக்கல். டெங்குவில் ரத்தம் கெட்டிப்படும்போது திரவம் உயிர் காக்கும். கடும் ஸ்க்ரப் டைபஸிலும் கடும் மலேரியாவிலும் அளவுக்கு மீறிய திரவம் நுரையீரலில் தேங்கி மூச்சை அடைக்கும். ஆகவே இரண்டாவது நோய் இருக்கிறதா என்று தெரிவது சிகிச்சையையே மாற்றும்.

படிப்படியாகத் தேடுவது

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும், பரிசோதனைக்கூடம் அதற்கு அடுத்து. ஸ்க்ரப் டைபஸ் இளம்புழு கடித்த இடத்தில், சிகரெட்டால் சுட்டதுபோல, கருத்த பொருக்கும் சுற்றிச் சிவந்த விளிம்புமாக ஒரு புண் இருக்கலாம். வலிக்காது, அரிக்காது, அதனால் நோயாளிக்கே தெரியாது. அக்குள், கவட்டி, இடுப்பில் சேலையோ கைலியோ இறுக்கும் இடம், மார்பகத்தின் அடி, தொப்புள், காதின் பின்புறம், தலைமுடிக்குள் என்று மறைந்த இடங்களில்தான் இருக்கும். வெட்கப்பட்டு விட்டுவிடாமல், வீட்டுப் பெண்கள் ஒருவருக்கொருவர் நல்ல வெளிச்சத்தில் பார்த்து மருத்துவரிடம் சொல்லலாம். இந்தப் புண் இருந்தால் நோய் கிட்டத்தட்ட உறுதி. இல்லாவிட்டால் நோய் இல்லை என்று ஆகாது.

அடுத்து, காய்ச்சல் எத்தனையாவது நாள் என்பதைச் சரியாகச் சொல்லுங்கள். பரிசோதனையின் பயன் அந்த எண்ணைப் பொறுத்தது. டெங்குவில் என்.எஸ்.1 (வைரஸின் புரதத்தைத் தேடும் பரிசோதனை), முதல் ஐந்து நாளுக்குள் நன்றாகக் காட்டும், ஐ.ஜி.எம். (தொற்று வந்ததும் உடம்பு முதலில் உருவாக்கும் ஆன்டிபாடி) ஐந்தாம் நாளுக்குப் பிறகே நம்பும்படி வரும். ஸ்க்ரப் டைபஸ் ஐ.ஜி.எம். எலிசா முதல் வாரத்தின் தொடக்கத்தில் 'நெகட்டிவ்' காட்டலாம். அதனால்தான் புண்ணும் அறிகுறியும் பொருந்தினால் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்குவார்கள். மலேரியாவுக்கு ரத்தப்பூச்சை (கண்ணாடியில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது) காய்ச்சல் அடிக்கும் எந்த நேரத்திலும் எடுக்கலாம். ஒன்றில் தெரியாவிட்டால் 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை பார்க்க வேண்டும். ஆன்டிபயாட்டிக் தொடங்கும் முன்பே ரத்தப்பூச்சும், ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சரும் எடுத்துவிடுவது நல்லது. டாக்சிசைக்ளினுக்கு மலேரியாக் கிருமியை மெதுவாக அடக்கும் குணம் உண்டு. நோயைத் தீர்க்காது, ஆனால் பரிசோதனையில் மறைத்துவிடும்.

முழு ரத்தப் பரிசோதனைதான் மலிவான தடயம், ஆனால் தட்டணுவை மட்டும் பார்த்துவிட்டுச் சீட்டை மடித்துவிடுகிறார்கள். மற்ற எண்களையும் சேர்த்துப் படியுங்கள். டெங்குவில் வெள்ளணு குறையும், பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். ஸ்க்ரப் டைபஸில் வெள்ளணு சரியாக அல்லது கூடுதலாக இருக்கும், கல்லீரல் நொதிகள் உயரும். மலேரியாவில் ஹீமோகுளோபின் இறங்கும். எலிக்காய்ச்சலில் மஞ்சள் காமாலையைக் காட்டும் பிலிரூபின் எகிறும், கல்லீரல் நொதிகள் அந்த அளவுக்கு ஏறாது, சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் உயரும், கெண்டைக்கால் தசை தொட்டாலே வலிக்கும், கண் சிவக்கும். கண்டுபிடித்த நோயோடு பொருந்தாத எண் எது என்று தேடுவதே கூட்டுத்தொற்றைத் தேடும் வழி. டெங்கு என்கிறார்கள், ஆனால் ரத்தப்போக்கு எதுவும் இல்லாமல் ஹீமோகுளோபின் நாளுக்கு நாள் இறங்குகிறது என்றால் மலேரியாவைப் பார்க்க வேண்டும். டெங்குவில் ஆறாம் ஏழாம் நாளில் காய்ச்சல் தணிந்திருக்க வேண்டும். எட்டாம் நாளும் காய்ந்தால் வேறு ஒன்றைத் தேட வேண்டும்.

லைமில் பார்த்த 48 மணி நேரக் கணக்கு இங்கேயும் உதவும். ஸ்க்ரப் டைபஸுக்கு டாக்சிசைக்ளின் தொடங்கினால் பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் விடும். விடாவிட்டால் நோய் தவறாகக் கணிக்கப்பட்டிருக்கலாம், நோய் கடுமையாகியிருக்கலாம், அல்லது கூட இன்னொன்று இருக்கலாம். டைபாய்டு மட்டும் விலக்கு. சரியான மருந்து ஏறினாலும் காய்ச்சல் விட நான்கைந்து நாள் எடுக்கும்.

மருந்து வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டும் முன் மருந்து உள்ளே போனதா என்று பாருங்கள். டாக்சிசைக்ளினோடு இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, வயிற்றெரிச்சல் டானிக் ஆகியவற்றைச் சேர்த்துச் சாப்பிட்டால் அவை அதைப் பிடித்துவைத்து ரத்தத்தில் ஏறவிடாது. சில மணி நேரம் இடைவெளி வேண்டும். வாந்தி எடுத்தாலும் மாத்திரை வீண். ஒரு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி அரைமணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும், இல்லையென்றால் உணவுக்குழாய் புண்ணாகும். வெயில் பட்டால் தோல் எளிதில் கருகும் என்பதால், கடலுக்குப் போகிறவர்கள் அந்த நாட்களில் உடம்பை மூடிக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிக்குப் பொதுவாக அசித்ரோமைசின் கொடுப்பார்கள், அதனால் கர்ப்பமாக இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இரண்டு 'பாசிட்டிவ்' வந்தால் இரண்டு நோய் என்று அர்த்தமா?

எப்போதும் இல்லை. ஆன்டிபாடி என்பது உடம்பு கிருமியைச் சந்தித்ததற்கான தடம். டெங்கு ஐ.ஜி.எம். இரண்டு மூன்று மாதமும், ஸ்க்ரப் டைபஸ் ஐ.ஜி.எம். அதைவிட நெடுநாளும் ரத்தத்தில் தங்கலாம். ஐப்பசியில் வந்துபோன டெங்குவின் தடமும் தையில் வந்த ஸ்க்ரப் டைபஸும் ஒரே சீட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கலாம். மலேரியா உடனடிப் பட்டைப் பரிசோதனையில் ஃபால்சிபாரம் என்ற மலேரியா வகைக்கான கோடு, நோய் குணமான பிறகும் சில வாரம் தெரியும். ஒரு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இன்னொன்றின் பரிசோதனையில் தவறாக ஒட்டிக்கொள்வதும் உண்டு. லைமிலும் இதே கதைதான். நோய் தொடங்கி ஒரு மாதம் கடந்த பிறகு ஐ.ஜி.எம். மட்டும் 'பாசிட்டிவ்' என்றால் அதை ஏற்பதில்லை.

கிருமியையே நேரடியாகக் காட்டும் பரிசோதனைக்கு எடை அதிகம். ரத்தப்பூச்சில் ஒட்டுண்ணி, என்.எஸ்.1, பி.சி.ஆர்., கல்ச்சர் ஆகியவை அந்த வகை. ஆன்டிபாடி மட்டும் கையில் இருந்தால், இரண்டு முதல் நான்கு வாரம் கழித்து இன்னொரு ரத்த மாதிரி எடுத்து அளவு நான்கு மடங்கு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதே முறை. தேறி வீடு திரும்பியவர்கள் இந்த இரண்டாவது மாதிரிக்கு வருவதில்லை. அதனால் சந்தேகம் சந்தேகமாகவே நின்றுவிடுகிறது.

வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு

வடகிழக்கு அமெரிக்காவில் மே முதல் ஜூலை வரை உண்ணிக்கு உச்ச காலம். விடுமுறைக்கு ஊர் வந்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால், எந்த மாநிலம், எந்த மாதம், புல்வெளியிலோ காட்டுப்பாதையிலோ நடந்தாரா என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். ரத்தப்பூச்சில் வளையம் போன்ற கிருமி தெரிந்தால் இங்குள்ள பரிசோதனைக்கூடம் ஃபால்சிபாரம் மலேரியா என்று எழுத வாய்ப்பு அதிகம், பபேசியாவும் அதுவும் அவ்வளவு ஒத்திருக்கும். பட்டைப் பரிசோதனை 'நெகட்டிவ்', பூச்சில் மட்டும் வளையம் என்றால் பபேசியாவைச் சந்தேகிக்க வேண்டும். நான்கு கிருமி சிலுவைபோல் சேர்ந்து நிற்பது தெரிந்தால் அதற்கு வலுவான சான்று. மலேரியாவில் காணும் பழுப்பு நிறமி பபேசியாவில் இருக்காது. அதே பிள்ளை ஊர் வந்து பத்து நாள் ஆகியிருந்தால் இங்குள்ள டெங்குவும் மலேரியாவும்கூடப் பட்டியலில் உண்டு.

உண்ணி ஒட்டியிருந்தால் நுனி கூர்ந்த சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவதும் தீ வைப்பதும் வேண்டாம். எடுத்த உண்ணியை மூடியுள்ள குப்பியில் போட்டு, தேதி எழுதி வையுங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

மூச்சுத்திணறல், குழப்பம், வலிப்பு, விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறிலோ மலத்திலோ ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, கண் மஞ்சள். இவற்றில் ஒன்று வந்தாலும் 108-ஐ அழைத்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ பக்கத்தில் வசதியுள்ள மருத்துவமனைக்கோ போய்விடுங்கள். அதுவரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். தட்டணு குறைந்திருந்தால் ஊசி போட்ட இடத்திலேயே ரத்தம் கட்டும். ஸ்டீராய்டு ஊசி காய்ச்சலை அமுக்கித் தடயத்தை அழித்துவிடும்.

கூட்டுத்தொற்றில் ஒன்று வைவாக்ஸ் என்ற வகை மலேரியாவாக இருந்தால், காய்ச்சல் விட்டதும் வேலை முடிவதில்லை. கல்லீரலில் ஒளிந்திருக்கும் கிருமிக்கு பிரைமாகுயின் 14 நாள் சாப்பிட வேண்டும். அதற்கு முன் ஜி6பிடி (சிவப்பணுவைக் காக்கும் ஒரு நொதி) குறைபாடு இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது, கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை கூடாது. மற்ற நோய்க்கான மாத்திரைகளோடு சேர்ந்து இதுவும் ஐந்தாம் நாளே நின்றுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அப்படி நின்றுவிட்டு, இரண்டு மூன்று மாதம் கழித்துத் திரும்பக் குளிர்காய்ச்சல் வந்தால், புது மருத்துவரிடம் போனாலும் பழைய சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.